அன்று நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்?

"சின்னப் பிள்ளை, அதற்கு என்ன நினைவிருக்கப் போகிறது? இப்போது கூட்டிக்கொண்டு போவது வீண் செலவு" என்று சொல்பவர்கள் உண்டு. "கடமைகளெல்லாம் முடியட்டும், ஓய்வு பெற்ற பிறகு நிதானமாக ஊர் சுற்றலாம்" என்று சொல்பவர்களும் உண்டு. கவனித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். பிள்ளைகள் தவழும் வயதில் முதலாவது, அவர்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் இரண்டாவது. நடுவே ஒரு சில ஆண்டுகள் இருக்கின்றன. வீட்டுக் கடன், பதவி உயர்வு, தேர்வுகள் என்று எல்லாம் சொல்லி வைத்தாற்போல் அந்த ஆண்டுகளில்தான் வந்து நிற்கும். இந்தப் பேச்சோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு இருக்கிறது. அதில் ஓரளவு நியாயமும் இருப்பதுதான் தொல்லை. முழு அபத்தமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

எதிர்க்கட்சி வாதமும் எனக்கு ஒத்துவருவதில்லை. "நாளை நிச்சயமில்லை, இன்றே வாழ்ந்துவிடுங்கள்" என்று சுற்றுலா விளம்பரங்களும் கடன் அட்டை விளம்பரங்களும் ஒரே குரலில் உபதேசம் செய்கின்றன. மரணத்தைக் காட்டிப் பயமுறுத்தி டிக்கெட் விற்கிற வியாபாரம் அது. வேலையில் இருந்து ஓய்வு பெறுகிறவர்களில் மிகப் பலர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் வாழ்கிறார்கள். என் அப்பாவும் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். காலையில் நடக்கிறார், செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார். ஆகவே காலம் கடந்து வருந்தும் மகன் எழுதும் இரங்கல் குறிப்பு என்று இதை நினைத்துவிட வேண்டாம். போட்ட திட்டமெல்லாம் போட்டபடியே நடந்த ஒரு மனிதரைப் பற்றியது இது. எனக்கு உறுத்துவதும் அதுதான்.

அப்பாவின் கோப்பு

அப்பாவிடம் பழுப்பு நிற அட்டைக் கோப்பு ஒன்று இருந்தது. செய்தித்தாளில் வந்த பயணக் கட்டுரைகள், ரயில் கால அட்டவணையிலிருந்து கையால் எழுதி எடுத்த நேரங்கள், பென்சிலில் வரைந்த வரைபடங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அவருடைய பொடி எழுத்தில் குறிப்புகள்: "மழை முடிந்தபின்", "குறைந்தது 4 நாள்", "கம்பளி தேவை". கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். துளை போட்டு நூல் கோத்து, பக்க எண் இட்டு வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முகமே மாறிவிடும். "எப்போதுப்பா போகிறோம்?" என்று நாங்கள் கேட்டால், "அப்பா ரிட்டயர் ஆகட்டும், ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிடலாம்" என்பார். அதில் பொய் எதுவும் இல்லை. உண்மையிலேயே பார்த்து முடிக்கத்தான் நினைத்திருந்தார்.

அவர் கஞ்சர் அல்லர். எங்கள் மூவரையும் கடனில்லாமல் படிக்க வைத்தார். ஆண்டிறுதிக் கணக்கு, தணிக்கை, விடுப்பில் போன சக ஊழியரின் வேலை என்று எல்லாம் அவர் தலையில்தான் விழும். விடுமுறைக்கு நாங்கள் அம்மாவோடு முன்னே போவோம், அவர் பின்னால் வந்து சேர்வார். சில சமயம் வராமலும் போவார். அந்தக் காலத்தில் அது எங்களுக்குக் குறையாகவே தெரியவில்லை. அப்பாக்கள் அப்படித்தான் என்று இருந்தோம்.

காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், விடுமுறைப் பயணம் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது பயணத்துக்கு முன்புதான். திரும்பி வந்த பிறகு, மிக நிம்மதியான விடுமுறை வாய்த்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்கும் வீட்டிலேயே இருந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் என் அப்பாவைப் போல் மகிழ்ச்சியாக இருந்த பயணி யாரும் இருக்க முடியாது. பல்லாண்டு காலம் அந்தக் கோப்புக்குள்ளேயே ஊர் சுற்றி வந்தவர் அவர். ஆனால் அந்தச் சுகம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதாகிவிட்டது. அதைத் தொட்டால் தாள்கள் கலைந்துவிடும் என்று எங்களைத் தொட விட்டதில்லை.

அந்த இரண்டாம் நாள் இரவு

அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, கோப்பின் முதல் தாளில் இருந்த மலைப்பகுதிக்கு எல்லோரும் போனோம். அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், நாங்கள், அப்பா, அம்மா. எல்லோருக்கும் விடுப்பு ஒத்துவருகிற தேதியைக் கண்டுபிடிப்பதே பெரிய பஞ்சாயத்தாக இருந்தது. குறை சொல்ல முடியாத பயணம். நல்ல அறைகள், சொன்ன நேரத்துக்கு வந்த வண்டி, தெளிவான வானம். அருவிக்கு இறங்கும் படிக்கட்டின் தலைப்பில் நின்று எட்டிப் பார்த்த அம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டு, "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். அவரைத் தனியே விட மனமில்லாமல் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை ஆண்டுகள் தாளில் கத்தரித்து வைத்திருந்த அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தார். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. சத்தத்தை வைத்தே தண்ணீர் வரத்து எவ்வளவு என்று மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் இரவு விடுதித் தாழ்வாரத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பகலில் பார்த்த காட்சிகளைப் பற்றிய பேச்சு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அப்புறம் வழக்கம்போல, பஸ் நின்றுபோன இரவின் கதை வந்து சேர்ந்தது. எனக்கு 9 வயதிருக்கும்போது, விடுமுறைக்குப் போகிற வழியில், எந்த ஊருக்கும் நெருக்கமில்லாத ஓரிடத்தில் எங்கள் பஸ் படுத்துவிட்டது. மாற்று வண்டி வர விடியும் என்றார்கள். பயணிகள் எல்லோரும் சாலை ஓரத்திலேயே இறங்கி உட்கார்ந்தார்கள். பகல் முழுக்க வெயில் குடித்த தார்ச்சாலை இரவு வெகுநேரம் வரை சூட்டை விடவில்லை. முதுகைக் கீழே வைத்தால் சட்டை வழியாகக் கதகதவென்று ஏறும். தங்கையின் செருப்பு வார் அறுந்துபோய், அம்மா அவளுடைய ரிப்பனை அவிழ்த்து அதைக் கட்டிக்கொடுத்தார். ஒற்றை ஜடை அவிழ்ந்து தொங்க, ரிப்பன் பூப்போட்ட செருப்போடு அவள் அந்தக் கூட்டத்துக்குள் அரசி மாதிரி நடந்து திரிந்தாள். அதற்குள் எப்படியோ அந்தச் செருப்பையும் தொலைத்துவிட்டாள். கண்டக்டர் முதல் முன்பின் தெரியாத பாட்டிகள் வரை டார்ச்சை அடித்துக்கொண்டு ஒரு குழந்தையின் செருப்பைத் தேடினார்கள்.

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டில் சண்டை இல்லாமல் முடியாது. ரேடியேட்டர் கொதித்தது என்பான் அண்ணன். டயர்தான் என்பாள் தங்கை. நான் இன்ஜின் கட்சி. அன்றும் அப்படியே நடந்தது. பெண்டாட்டி பிள்ளைகள்கூட மனப்பாடமாகி நடுநடுவே எடுத்துக்கொடுத்தார்கள். சிரிப்பு அடங்கிய ஓர் இடைவெளியில் அப்பா கேட்டார்:

"அன்று நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்? டிரைவர் பக்கத்திலா?"

அம்மாதான் பதில் சொன்னார். "நீங்கள் அன்று ஏது? வருடக் கணக்கை முடித்துவிட்டு மறுநாள்தானே வந்தீர்கள்."

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. தேதியைத் திருத்துகிற குரல்தான். அப்பா "ஓ, ஆமாம், ஆமாம்" என்றார். தங்கை உடனே வேறு எதையோ எடுத்துப் பேசினாள். அப்பா அவளை இடைமறித்து, "இரு, கடைசியில் செருப்பு கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்" என்றார். எத்தனையோ முறை அரைகுறையாகக் காதில் விழுந்த கதை. கேட்டுக் கேட்டுத் தன்னையும் அதற்குள் ஓரிடத்தில் உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார். இது அபூர்வமும் அல்ல. பிறர் சொல்லக் கேட்டதைத் தாமே கண்டதாக நினைவு தன் கணக்கில் எழுதிக்கொள்வது மனித இயல்பு. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் சேமித்து, திட்டமிட்டு, எங்களை அழைத்து வந்த இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். பேசிக்கொண்டிருப்பதோ அவர் இல்லாத ஓர் இரவைப் பற்றி.

எது தங்குகிறது

அந்த மலைப்பயணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நினைவு வேலை செய்கிற விதம் வேறு. ஒன்றுபோல நடப்பவற்றை அது ஒன்றாக மடித்து வைத்துவிடுகிறது. நூறு ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்து ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று ஒரே ஒரு மங்கலான படமாகிவிடும். வழக்கத்திலிருந்து பிசகிய நாள் மட்டும் தனியே நிற்கும். வசதியான விடுதிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்படி கட்டப்படுகின்றன; பிசகு நேராமல் பார்த்துக்கொள்ளத்தான் அவ்வளவு காசு வாங்குகிறார்கள். ஆகவே செலவு கூடக்கூட நினைவில் தங்குவது குறையவும் வாய்ப்பிருக்கிறது.

நேரத்தின் அளவும் நாம் நினைக்கிற மாதிரி கைகொடுப்பதில்லை. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் சேர்ந்தவர்களும் 1993-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு, சற்றே குளிர் குறைக்கப்பட்ட நீரில் இன்னும் 30 விநாடி. எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கூடுதல் துன்பம் கணக்கில் ஏறவில்லை; முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது மட்டும் ஏறியது. இதிலிருந்து குடும்ப வாழ்க்கைக்குப் பெரிய விதி எதையும் நான் உருவப் போவதில்லை. ஓய்வுக்குப் பிறகு கிடைக்கப்போகும் ஏராளமான ஓய்வு நாட்களை, எண்ணிக்கையை வைத்து மட்டும் பெரிதாக எண்ணிக்கொள்கிறோமே, அந்தக் கணக்குக்கு அடியில் பலமில்லை என்று மட்டும் சொல்வேன்.

நினைவுகளை வைப்புநிதி மாதிரி பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த உவமையை ஏற்றாலும்கூட, பிந்திப் போட்ட பணத்துக்கு வட்டி குறைவு. எனக்கு 9 வயதில் நடந்ததை நாங்கள் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லிப் பெருக்கியிருக்கிறோம். தங்கை வேலைக்குப் போக மாட்டேன் என்று அழுத நாளில் அண்ணன் அவளைச் சிரிக்க வைத்தது அந்த ரிப்பன் செருப்பைச் சொல்லித்தான். அவளுடைய கல்யாண வீட்டிலும் அந்தக் கதை வந்தது. மலைப்பயணத்தின் கதைகளுக்கு அப்படி வேலை செய்ய இனிமேல் எவ்வளவு காலம் இருக்கிறது?

வயதுகளைக் கூட்டிப் பார்த்தால்

என்னுடைய வழக்கு கடைசியில் வந்து நிற்பது வயதுக் கணக்கில்தான். ஓய்வு என்பது வீட்டில் ஒருவருடைய நாட்காட்டியில் இருக்கிற தேதி. அதை மொத்தக் குடும்பத்தின் தேதியாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தத் தேதியும் குடும்பங்களை மனதில் வைத்து யாரும் குறித்ததல்ல. ஜெர்மனியில் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் காலத்தில் 1889-ல் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம் 70 வயதை வைத்தது. 1916-ல் அது 65 ஆனது. அரசு சட்டம் போட்டு வைத்த எண்கள் அவை. 60 வயதில் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 30 வயதில் பிறந்த மகளுக்கு அப்போது 30. அவளுக்கே ஒரு வேலை, ஒரு குடும்பம், அவளுடைய சொந்தக் கோப்பு. அவருடைய பெற்றோர் இருந்தால் 85-ஐத் தாண்டியிருப்பார்கள். கூட்டிக்கொண்டு போக நினைத்த அந்தக் குடும்பம் அந்தத் தேதியில் கிடைக்காது. ஒருவரும் இறக்காமலே அது கலைந்திருக்கும்.

இன்னொரு முனையிலிருந்தும் பார்க்கலாம். பாட்ரிசியா பவர், மரினா லார்கினா என்ற இரு உளவியலாளர்கள் 3 வயதுக் குழந்தைகளைத் தாயோடு பேச விட்டு, அவர்கள் வாழ்க்கையில் நடந்தவற்றைப் பதிவு செய்தார்கள். பிறகு அதே குழந்தைகளிடம் அவற்றைப் பற்றிக் கேட்டார்கள். 5 முதல் 7 வயதில் கேட்கப்பட்டவர்கள் 60 சதவீதத்துக்கு மேல் நினைவு வைத்திருந்தார்கள். 8, 9 வயதில் கேட்கப்பட்டவர்களிடம் அது 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆகவே சின்னப் பிள்ளைக்கு நினைவிருக்காது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. 7 வயது வாக்கில்தான் நினைவு கெட்டிப்படத் தொடங்குகிறது. 13, 14 வயதில் பிள்ளைக்கு நண்பர்கள் பெரிதாகிவிடுவார்கள்; அது ஆகவேண்டியதும்கூட. மறுபக்கம், உலக சுகாதார நிறுவனம் 2019-க்குச் சொல்லும் கணக்கில் உலக சராசரி ஆயுள் சுமார் 73 ஆண்டு. நோய்நொடி இல்லாமல் வாழும் காலம் சுமார் 63 ஆண்டுதான். அதாவது பேரக்குழந்தைக்கு நினைவு நிற்கவும், தாத்தா பாட்டி படியேறவும், நடுவில் இருப்பவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கவும் ஒன்றாக வாய்க்கிற காலம் பல குடும்பங்களில் ஆறேழு ஆண்டுகளுக்கு மேல் தேறாது. வீட்டில் இருப்பவர்களின் வயதை வரிசையாக ஒரு தாளில் எழுதி, ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போனால் எவருக்கும் தெரிந்துவிடும்.

அப்படியானால் 7 வயதுக்கு முன்பு எங்கும் போகாமல் இருந்துவிடலாமா? கூடாது. போய் வந்த பிள்ளை மறக்கலாம், பெற்றவர்கள் மறக்க மாட்டார்கள். தவிர, மறப்பும்கூட முழுவதும் வயதின் கையில் இல்லை. ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது இது: நடந்ததைப் பற்றிப் பிள்ளையிடம் விரிவாக, கேள்வி கேட்டுக் கேட்டுப் பேசுகிற வீடுகளில் பிள்ளைகளின் நினைவு விவரமாகத் தங்குகிறது. "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டு முடித்துவிடுகிற வீட்டில் அப்படித் தங்குவதில்லை. அந்த பஸ் இரவு எங்களிடம் நிற்பதற்கு அந்த இரவு பாதிக் காரணம்தான். மறுவாரமே அதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லச் சொல்லி எங்களைத் தூண்டிவிட்ட அம்மா மீதிக் காரணம்.

படம் எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவு வைத்திருந்தார்கள் என்று லிண்டா ஹெங்கலின் 2014 ஆய்வு சொல்கிறது. மலைப்பயணத்தில் நாங்கள் எடுத்த படங்கள் ஆளுக்கு ஒரு போனில் குவிந்து கிடக்கின்றன. பஸ் இரவுக்கு ஒரு படம்கூட இல்லை.

காசு விஷயம்

இதையெல்லாம் படித்துவிட்டுக் கடன் வாங்கிப் புறப்பட வேண்டும் என்று யாராவது நினைத்தால் நான் அப்பா கட்சிக்குத் தாவிவிடுவேன். மாதத் தவணை கட்ட முடியாமல் பெற்றோர் அடித்துக்கொள்வதும் பிள்ளைகளுக்கு நன்றாகவே நினைவில் நிற்கும். விடுப்பே கிடைக்காத வேலையில் இருப்பவரிடம் போய் இந்த உபதேசத்தைச் செய்வதும் ஈவிரக்கமில்லாத வேலை. அப்பா சேர்த்து வைத்ததால்தான் இன்று அவர் எங்களில் யாரிடமும் கையேந்தாமல் இருக்கிறார். அந்த நிமிர்வை நான் மதிக்கிறேன். அவர் உழைத்ததோடு எனக்கு வழக்கே இல்லை. ஊர் சுற்றுவது என்றால் நான்கு நாளும் கம்பளியும் வேண்டும் என்று அவர் வைத்திருந்த அளவுகோலோடுதான் வழக்கு. அந்த அளவுக்குக் கீழே இருந்ததெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை. தணிக்கை மாதத்திலும் ஓர் இரவு இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். மாதக் கணக்கில் இதற்கென்று ஒரு சிறு தொகை. மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்குப் போகாது, ஆண்டு முடிவதற்குள் தீர்த்தாக வேண்டும். சேர்த்து வைக்கும் ரத்தம் எனக்குள்ளும் ஓடுவதால் இந்த நிபந்தனை. என் மனைவி ஒரு திருத்தம் சேர்த்தார்: என்ன செய்வது என்பதை ஆளுக்கொரு முறையாக முடிவு செய்ய வேண்டும், மற்றவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. இந்த முறை என் மகனுக்கு. அவனுக்கு 8 வயது. மொட்டை மாடியில் கூடாரம் அடித்து எல்லோரும் ஓர் இரவு தூங்க வேண்டுமாம், தாத்தா பாட்டியும் வர வேண்டுமாம். செலவு ஏறக்குறைய இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் படிகள் பரவாயில்லை, நடுவில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தால் போதும். சிக்கல் அப்பாவால் வந்தது. மழை வந்தால் என்ன, கூடாரக் கயிற்றை எதில் கட்டுவது, இரவில் எழுந்தால் யார் விளக்கைப் போடுவது என்று தாளும் பென்சிலும் எடுத்துவிட்டார். கூடாரத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன் கைப்பிடிச் சுவரைக் கொத்தனாரிடம் காட்ட வேண்டும் என்கிறார். சனிக்கிழமைக்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று பேரன் சொல்லிவிட்டான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.